முகம் வெட்டுண்ட பொற்காசுகள்

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருவழியை விட்டுச் சிறிது விலகிச் சென்றால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை அடையலாம். செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். மண்டகப்பட்டுக்கு வருவோர் மிகச் சிலரே. ஊருக்கு அருகில் ஒரு பாறைக் குன்று. அதன் முகப்பைக் குடைந்து அமைத்த ஒரு கோயில். முகப்பிலே இரண்டு தூண்கள். இருபுறமும் பாறையோடு ஒட்டிய இரண்டு அரைத்தூண்கள். உள்ளே மூன்று கருவறைகள். முகப்பின் இரு கோடியிலும் கம்பீரமாக நிற்கும் வாயிற்காவலர் இருவர். கருவறைகள் மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. ஆயினும், அங்கே வடமொழியில் பொறிக்கப்பெற்ற சிறியதொரு கல்வெட்டு, இந்தக் கோயிலின் பெருமையை இன்றும் எடுத்துரைத்துக்கொண்டிருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச் சாந்தும் இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்னும் வேந்தன் இக்கோயிலை எடுப்பித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப் பெயர்.

உரோமாபுரிப் பொற்காசுகளைப் பற்றிப் பேச வந்தவன் பல்லவர் குகைக் கோயிலில் தொடங்குவானேன் என்று நேயர்கள் வினவலாம். மண்டகப்பட்டில் உரோமக் காசு கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. மகேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்காசுகள் இந்நாட்டில் வந்து குவிந்துவிட்டன. ஆயினும் அந்தக் குகையின் முன் நின்றபோதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. உளி என்னும் கருவி ஒன்றே. அது செய்யும் தொழில் இரண்டு. ஆக்குவதும் அதுவே, அழிப்பதும் அதுவே. மண்டகப்பட்டில் ஓர் அரசன் தன் பெயர் நிலைக்கும்படி பாறையில் உளியை ஓடவிட்டான். அவனுக்கு நெடுங்காலம் முன்னர், இதே தமிழகத்தில், யாரோ சிலர், உலகையே ஆண்ட பேரரசர்களின் பொன்முகங்களில் உளியை வைத்து வெட்டினார்கள். அந்த வெட்டின் பொருள் யாது என்பதே இன்று என் பேச்சின் பொருளாகும்.

அந்த வெட்டை நான் முதன்முதலில் ஏட்டில் காணவில்லை. என் கண்ணாலேயே கண்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். செஞ்சியில் ஆசிரியத் தொழிலில் இருந்தேன். கடைத்தெருவில் ஒரு முதிய பத்தர் இருந்தார். மாலை வேளைகளில் அவர் பட்டறைத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம். ஒருநாள் அவர் ஒரு சிறு மடிப்பைப் பிரித்து என் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தார். "இது எந்தத் தேசத்துக் காசு, ஐயா? வெள்ளைக்காரன் பவுன் இல்லையே!" என்று கேட்டார். நல்ல மாற்றுள்ள பொன். ஒருபுறம் மாலை சூடிய ஓர் ஆண்மகனின் தலை, சுற்றிலும் எழுத்துகள். மறுபுறம் ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண்; ஒரு கையில் நீண்ட கோல், மற்றொரு கையில் ஒரு மரக்கிளை. தலையின் நடுவே, கன்னத்தைக் குறுக்கே பிளந்து, ஆழமானதொரு வெட்டு.

கிணறு வெட்டியபோது கிடைத்ததாக ஒரு குடியானவர் வீட்டார் கொண்டுவந்து கொடுத்தார்களாம். "இது மிகப் பழைய காசு, அழித்துவிடாதீர்கள், சென்னைக்கு எழுதிக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து மறுபடியும் சென்றேன். காசு இல்லை. "அவர்கள் வீட்டில் கல்யாணம். முகூர்த்தம் நமக்காக நிற்குமா, ஐயா? தாலிக் குண்டாக அடித்துக் கொடுத்துவிட்டேன்" என்றார் பத்தர். அவர்மேல் குற்றம் இல்லை. அந்தக் குடும்பத்தார்மேலும் குற்றம் இல்லை. என் சட்டைப் பையில் அன்று தாளும் இருந்தது, பென்சிலும் இருந்தது. காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருந்தால் எழுத்தும் உருவமும் தாளில் பதிந்திருக்கும். அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊர்க் கிணறு என்றுகூட நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உரோமக் காசுகளைப் பார்த்தபோதுதான், அன்று என் கையில் இருந்தது டைபீரியஸ் என்னும் பேரரசன் வெளியிட்ட பொற்காசு என்பதை உணர்ந்தேன்.

அக்காசு நம் நாட்டிற்கு வந்த வழியை முதலில் பார்ப்போம். கி.மு. 30ஆம் ஆண்டில் எகிப்து உரோமர் ஆட்சிக்கு உட்பட்டது. அதன்பின், செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்டுப் பருவக்காற்றின் துணையால் இந்தியாவை அடையும் வாணிகம் பெருகியது. மேலைக் கரையில் முசிறி. கீழைக் கரையில் காவிரிப்பூம்பட்டினம் முதலிய துறைகள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிபுளூஸ்' என்னும் கடல்வழி நூல், முசிறித் துறைக்கு வேண்டிய பொருள்களை வரிசைப்படுத்தும்போது, நாணயத்தை முதன்மையாகக் குறிக்கிறது. நம்மவரிடம் மிளகும் முத்தும் மெல்லிய துகிலும் இருந்தன; அவற்றுக்கு ஈடாகக் கொடுக்க அவர்களிடம் பொன்னும் வெள்ளியுமே மிகுதியாக இருந்தன. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகைக் கொண்டு சென்ற காட்சியை, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் அமைத்திருக்கிறார்.

இந்த ஓட்டத்தைக் கண்டு உரோமாபுரியில் கவலை எழுந்தது. மகளிர் அணியும் மணிகளுக்காக நம் செல்வம் வேற்று நாட்டாரிடம் போய்ச் சேருகிறதே என்று டைபீரியஸ் கி.பி. 22இல் ஆட்சிக் குழுவினர்க்கு எழுதிய மடலில் வருந்தியதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கூறுகிறார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி கணக்கிட்டார். நூறு செஸ்டர்ஸ் ஒரு பொற்காசுக்குச் சமம். அவர் கணக்கைப் பொற்காசாக மாற்றினால் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் காசுகளாகும். அறநெறி புகட்டும் நோக்கில் அவர் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம் என்று நான் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. 1985இல் வெளியிடப்பெற்ற ஒரு பாப்பிரஸ் ஏடு அந்த எண்ணத்தை மாற்றிற்று. இன்று வியன்னாவில் உள்ள அந்த ஏடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறி வாணிகத்துக்கான கடன் உடன்படிக்கை ஒருபுறமும், ஹெர்மபோலன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு மறுபுறமும் அதில் உள்ளன. அந்த ஒரு கப்பலின் சரக்கு மட்டும் ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்ஸ் பெறுமானமுடையது.

செஞ்சிப் பகுதிக்கு இந்த வாணிகம் தொலைவானதன்று. பெரிபுளூஸ் கூறும் கீழைக் கரைத் துறைகளுள் பொதுகே என்பது புதுவையை அடுத்த அரிக்கமேடு என்று அறிஞர் பலர் கருதுவர். அந்த மேட்டின் சிறப்பை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், புதுவையில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய். பல்லவர் குடைவரைகளை ஆராய்ந்து நூல்கள் எழுதியவரும் அவரே. 1937ஆம் ஆண்டில் அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு மணியில் செதுக்கியிருந்த தலையைக் கண்டு, அஃது அகஸ்டஸ் சீசரின் உருவம் என்று அவர் கருதினார். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, இத்தாலிய நாட்டுச் சிவப்புக் கலங்களின் ஓடுகளையும், மதுச் சாடிகளின் துண்டுகளையும் வெளிப்படுத்தினார். திருக்கோவிலூர்ப் பகுதியிலே சொரையப்பட்டு என்னும் ஊரில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், 193 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. ஆதலால் செஞ்சியில் ஒரு கிணற்றடியில் ஒரு காசு கிடைத்தது வியப்பன்று. அதைக் காத்துவைக்காமற்போனதே வருத்தம்.

இனி, காசில் உள்ள உருவங்களைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். 'ஔரியஸ்' என்பது உரோமப் பொற்காசின் பெயர். 'டெனாரியஸ்' என்பது வெள்ளிக்காசின் பெயர். இருபத்தைந்து வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. இவற்றின் முகப்புப் பக்கத்தில் பேரரசனுடைய தலை பக்கவாட்டில் அமைந்திருக்கும். தலையைச் சுற்றி அவனுடைய பெயரும் பட்டங்களும் சுருக்கெழுத்தில் ஓடும். நான் கண்ட காசில் இருந்த எழுத்துகளின் பொருள், 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்பதாகும். மறுபக்கத்து எழுத்து, 'தலைமைக் குரு' என்னும் அவனது சமயப் பட்டம். அங்கே அமர்ந்திருக்கும் பெண் அவன் தாய் லிவியா என்று பலர் கருதுகின்றனர். கையில் உள்ள கிளை அமைதியின் அடையாளம். கோல் ஆட்சியின் அடையாளம். ஒரு விரல்நுனி அகலமே உள்ள வட்டத்தில், தந்தையின் தெய்வத் தன்மை, மகனின் ஆட்சி உரிமை, சமயத் தலைமை, நாட்டின் அமைதி ஆகிய நான்கையும் அவர்கள் அடக்கிவிட்டார்கள்.

அகஸ்டஸ் வெளியிட்ட காசு ஒன்று தென்னாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. அதன் பின்புறத்தில் இளைஞர் இருவர் நிற்கின்றனர். இடையே கேடயங்களும் ஈட்டிகளும். அவர்கள் அகஸ்டஸின் பேரர்கள். அவன் மகன்களாக ஏற்றுக்கொண்ட கேயஸ், லூசியஸ் என்போர். எனக்குப் பின் ஆளப்போகிறவர்கள் இவர்களே என்று உலகுக்கு அறிவிக்கவே அவன் அக்காசை அடித்தான். ஆனால் லூசியஸ் கி.பி. 2ஆம் ஆண்டில் இறந்தான், கேயஸ் கி.பி. 4ஆம் ஆண்டில் இறந்தான். அரியணை டைபீரியஸுக்குச் சென்றது. இளவரசர் மாண்டனர், அவர்களுடைய வெள்ளி உருவங்களோ கடல் கடந்து கொங்கு நாட்டு மட்பானைகளில் அரசாட்சிக்குக் காத்திருந்தன.

கிளாடியஸ் தன் தாய் அந்தோனியாவின் முகத்தையும் பொன்னில் பொறித்தான். பிரித்தானியரை வென்றதற்கு எடுத்த வெற்றி வளைவையும் பொறித்தான். வெஸ்பேசியன் காசில், வென்ற படைக்கலங்களின் அடியில் யூதேயா நாடு ஒரு பெண்ணுருவாய்த் துயருடன் அமர்ந்திருக்கிறாள். செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில் காசே அரசின் குரல். வெற்றியையும் வாரிசையும் தெய்வ அருளையும் கடைத்தெருவரை கொண்டுசேர்த்த தூதன் அது.

அந்தத் தூதன் நம் நாட்டை அடைந்தபோது அவன் பேச்சு இங்கே எவர்க்கும் விளங்கவில்லை. இலத்தீன் எழுத்தைப் படித்தறிந்தவர் துறைமுகத்து யவனரன்றி வேறு யார் இருந்திருப்பர்? கேயஸும் லூசியஸும் யார் என்று கொங்கு வணிகனுக்கு என்ன தெரியும்? அவன் கையில் எடுத்துப் பார்த்தது இரண்டு: எடை, மாற்று. இதற்குப் பிளினியே ஒரு சான்று தருகிறார். கிளாடியஸ் காலத்தில், அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரின் பணியாளாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றில் அடிபட்டு இலங்கையை அடைந்தான். அவனிடம் இருந்த வெள்ளிக்காசுகளை அந்நாட்டு மன்னன் பார்த்தான். காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு அரசர்க்கு உரியவை. ஆனால் எல்லாக் காசும் ஒரே எடை. ஆட்சி மாறினும் எடை மாறவில்லையே என்று மன்னன் வியந்தான். அந்த நேர்மையை மதித்து உரோமாபுரிக்குத் தூதரை அனுப்பினான். முகங்களை அவன் மதிக்கவில்லை என்பதில்லை. முகங்கள் மாறியும் மாறாத ஒன்றை அவன் அவற்றினும் மேலாக மதித்தான்.

அந்த மதிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கி.பி. 64இல் நீரோ பொற்காசின் எடையைக் குறைத்தான். ஏறத்தாழ ஏழே முக்கால் கிராம் இருந்த காசு ஏழேகால் கிராம் அளவுக்கு இறங்கியது. வெள்ளிக்காசில் எடையோடு தூய்மையும் குறைந்தது. தென்னாட்டில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பகுதி அதற்கு முற்பட்ட அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளாகவே இருப்பதைக் காண்கிறோம். நம் வணிகர் தராசு முள்ளைப் பார்த்துத்தான் காசைத் தேர்ந்தெடுத்தனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்போது வெட்டுக்கு வருவோம். 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சிக்கு அருகே, 501 உரோமப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையுள்ள அரசர்களின் காசுகள் அவை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருந்தது. பின்புறத்து உருவங்களை அவர்கள் தொடவில்லை, முகத்தையே வெட்டியிருந்தனர். வெட்டிய கை பொன்னைச் சிறிதும் எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டியபின்னும் காசின் எடை குறையவில்லை.

ஏன் வெட்டினார்கள்? உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. இது முற்றும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சோதிப்பவன் ஓரத்தில் வெட்டிப் பார்க்கலாம், பின்புறத்தில் வெட்டலாம். காசுக்குக் காசு முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. சமயக் காரணத்தால் உருவங்களைச் சிதைத்தனர் என்பாரும் உளர். அப்படியானால் பின்புறத்துப் பெண் தெய்வங்களையும் தேவதைகளையும் விட்டுவைத்தது எதனால்? மூன்றாவது கருத்து, இக்காசுகள் இங்கே நாணயமாக வழங்கலாகாது, எடைக்குரிய பொன்னாக மட்டுமே கொள்ளப்பெற வேண்டும் என்பதைக் காட்ட அந்த அடையாளம் இடப்பெற்றது என்பது. அறிஞர் பலர் இதையே ஏற்பர். நானும் இதையே ஏற்கிறேன்.

காசுக்கு மதிப்பைத் தருவது இரண்டு: ஒன்று பொன், மற்றொன்று, இது செல்லும் என்று உறுதி கூறும் அரசனின் முகம். வெட்டியவன் பொன்னை ஏற்றுக்கொண்டான், முகத்தை ஏற்கவில்லை. 'உன் பொன் எங்களுக்கு வேண்டும். உன் ஆணை இந்நாட்டில் செல்லாது' என்பதே அந்த உளியின் மொழி. பகைமையால் எழுந்த செயல் என்று இதை எண்ண வேண்டுவதில்லை. யவனரோடு நம்மவர் நட்புடனே வாணிகம் செய்தனர். ஆனால் வாணிகம் வேறு, இறைமை வேறு என்பதை அந்த ஒரு கீறல் தெளிவாக்கிவிட்டது. கப்பல் கப்பலாகப் பொன் வந்து இறங்கிய காலத்திலும் அந்தத் தெளிவு மங்கவில்லை என்பது நாம் நினைத்துப் பெருமை கொள்ளத்தக்கது. எல்லாக் காசுகளும் வெட்டப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாட்டுப் புதையல்களில் வெட்டப்படாத காசுகளும் உண்டு. எனவே, இடத்துக்கு இடம் வழக்கம் வேறுபட்டது என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியாயின் நம் மன்னர்கள் தம் காசில் எதைப் பொறித்தார்கள்? சேரன் வில்லையும் சோழன் புலியையும் பாண்டியன் கயலையும் பொறித்தனர். திருக்கோவிலூரைச் சூழ்ந்த மலையமான் நாட்டுச் செப்புக்காசுகளில் ஒருபுறம் குதிரை. மறுபுறம் மலையும் ஆறும். அவை சதுரமான எளிய காசுகள். ஆள்பவனின் மூக்கும் மோவாயும் எப்படி இருந்தன என்று அவை சொல்லமாட்டா. அவன் காத்த மலை எது, அவன் நாட்டை வளப்படுத்திய ஆறு எது என்பதையே சொல்லும். உரோமன் காசில் ஆளைக் காட்டினான். மலையமான் நாட்டைக் காட்டினான்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நம்மவர் பெருமை முழுமையாகத் தோன்றும். ஆனால் உண்மை முழுமையாகாது. கரூரில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றில் ஒரு மன்னனின் தலை உரோமக் காசின் பாணியிலே பக்கவாட்டில் அமைந்திருக்கிறது. மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்னும் பெயர். 'குட்டுவன் கோதை' என்னும் பெயரோடும் இத்தகைய தலைக்காசு உண்டு. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றையும் மலையமான் காசுகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளார். உரோமன் முகத்தை வெட்டிய நாட்டில், சேரன் ஒருவன் தன் முகத்தைப் பொறித்துக்கொண்டான்! இதில் முரண்பாடு எதுவும் இல்லை. முகத்தின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர்களே அதை வெட்டவும் செய்வர், தமக்கென ஆக்கிக்கொள்ளவும் செய்வர். வடக்கே குஷாண மன்னன் குஜுல கட்பீசஸும் அகஸ்டஸைப் போன்றதொரு தலையைத் தன் செப்புக்காசில் அமைத்தான் என்பது இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

காலம் செல்லச் செல்ல உரோமப் பொன்னின் வரவு குறைந்தது. ஆயினும் அதன் புகழ் உடனே மறையவில்லை. கி.பி. ஆறாம் நூற்றாண்டில், அதாவது மகேந்திரவர்மனுக்குச் சற்று முன்னர், காஸ்மாஸ் என்னும் கிரேக்கர் ஒரு கதையை எழுதிவைத்தார். சோபத்ரோஸ் என்னும் உரோம வணிகனும் பாரசீகன் ஒருவனும் இலங்கை மன்னன் அவையில் தத்தம் அரசனே பெரியவன் என்று வழக்கிட்டனர். 'இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கின்றனரே, பார்த்து முடிவு செய்க' என்றான் சோபத்ரோஸ். மன்னன் திகைத்தான். வணிகன் தன் நாட்டுப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் எடுத்துக்காட்டினான். மன்னன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, உரோமனே பெரியவன் என்று தீர்ப்பளித்தான். கதை உரோமர் பக்கம் சாய்ந்தது. அதனை எழுதியவர் அந்நாட்டவர் அல்லவா? ஆயினும், ஓர் அரசனின் காசு அவ்வரசனுக்கு நிகராக நிற்கும் என்று அக்காலத்தவர் எண்ணினர் என்பதை அது காட்டுகிறது. அதை எண்ணும்போதுதான் கருக்காக்குறிச்சியில் அந்த உளி எதை வெட்டியது என்பது நமக்கு முழுதும் விளங்குகிறது.

காசுகளுக்கு மற்றொரு வாழ்வும் இருந்தது. துளையிட்டோ வளையம் பற்றவைத்தோ கழுத்தில் அணிந்த உரோமப் பொற்காசுகள் நம் நாட்டில் கிடைத்துள்ளன. அரசவையில் செல்லாத முகம் பெண்டிர் மார்பில் செல்லும்போலும்! இந்த வழக்கம் நம் பாட்டிமார் காலம்வரை வந்ததை நாமே கண்டிருக்கிறோம். என் பாட்டியின் காசுமாலையில் விக்டோரியா மகாராணியின் தலை வரிசையாகத் தொங்கியது. அது யார் என்று ஒருநாள் கேட்டேன். "யாராயிருந்தால் என்னடா? தங்கம் நல்ல தங்கம்" என்றார். மாற்று குறையாத பொன்னென்றால் மாற்றான் முகமும் தடையில்லை என்னும் கொள்கையைப் பாட்டி எந்த நூலிலும் கற்கவில்லை. அந்த ஆங்கிலப் பவுன் ஏறத்தாழ எட்டுக் கிராம். அகஸ்டஸின் பொற்காசும் ஏறத்தாழ அதே எடைதான். இன்றும் நாம் நகைக்கடையில் எட்டுக் கிராமைத்தானே ஒரு பவுன் என்கிறோம்? பவுனில் முகம் மறைந்துவிட்டது. பெயரும் எடையும் நின்றுவிட்டன.

மீண்டும் மண்டகப்பட்டுக்கு வருவோம். மகேந்திரவர்மன் தன் முகத்தை வெறுத்தவன் அல்லன். மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரச உருவம் ஒன்று தேவியரோடு நிற்கிறது. ஆயினும் மண்டகப்பட்டில் அவன் விட்டுச்சென்றது முகமன்று. ஒரு பெயரும், தான் செய்த புதுமையைப் பற்றிய சில சொற்களுமே. உலோகம் இல்லாமல் கட்டினேன் என்று அவன் பெருமை கொண்டதை நினைத்துப் பாருங்கள். உலோகத்தை உருக்கலாம், பாறையை உருக்க முடியாது. அகஸ்டஸ் தன் முகத்தைப் பொன்னில் பதித்து உலகெங்கும் அனுப்பினான். உருக்கப்படாமல் தப்பியவை, மண்ணுக்குள் மறைந்து கிடந்தவை மட்டுமே. மகேந்திரனின் சொல்லோ வெயிலிலும் மழையிலும் வெளியே நின்று பதினான்கு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது.

நம் நாட்டு மண்ணுக்குள் இன்னும் எத்தனை பானைகள் இருக்கின்றனவோ! கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் அவை வெளிப்படலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் அதனை அரசு அலுவலர்க்கு அறிவிக்க வேண்டும். சட்டம் அவருக்கு உரிய பங்கையும் மறுக்கவில்லை. ஆனால் நான் சட்டத்தின் பெயரால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு காசை உருக்கினால் பொன்னில் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், முன்பு ஒரு தமிழன் உளியால் எழுதிய ஒரே வரியை நாம் அழித்துவிடுகிறோம். அந்த வெட்டை இட்டவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பேரரசனின் கன்னத்தில் அவன் போட்ட அந்த ஒரு கோடுதான் அவன் கையெழுத்து.

செஞ்சிப் பத்தர் பட்டறையில் அத்தகையதொரு கையெழுத்து என் உள்ளங்கையில் சிறிது நேரம் கிடந்தது. அதைப் படிக்க எனக்கு அன்று தெரியவில்லை. இன்று தெரிகிறது, காசுதான் இல்லை. நேயர்களுள் எவர் கையிலேனும் அப்படியொரு காசு வந்து சேருமாயின், முதலில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுங்கள். அடுத்து, அது கிடைத்த ஊரின் பெயரைக் கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவதாகத் தாசில்தாருக்குச் சொல்லி அனுப்புங்கள். முகூர்த்தத்துக்கு வேறு பொன் கிடைக்கும்.